சம்பள நாளும் சாப்பாட்டுக் கடையும்



பத்தாம் திகதி சம்பளம் கைக்கு வந்துவிட்டால் நம்ம லயங்களில் ஒரு கலகலப்பு வந்துவிடும். அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பிள்ளைகளைக் குளிப்பாட்டி, நல்ல உடுப்புப் போட்டு, டவுனுக்குப் புறப்படுவோம். அரிசி, மா, சீனி, பருப்பு வாங்க வேண்டும். அடகுக் கடைக்கு வட்டி கட்ட வேண்டும். பிள்ளைக்குச் சப்பாத்து பார்க்க வேண்டும். இதெல்லாம் முடிய பன்னிரண்டு, ஒரு மணி ஆகிவிடும். பிள்ளைகள் "பசிக்குது" என்று முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள். உடனே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சாப்பாட்டுக் கடைக்குள் நுழைவோம்.

இப்படிக் கடையில் சாப்பிடுவதைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. மாதம் முழுக்க மழையிலும் வெயிலிலும் மலை ஏறி இறங்குகிறவர்கள், மாதத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து யாரோ சமைத்ததைச் சாப்பிடுவது நல்ல விசயம்தான். நாங்கள் சொல்ல வருவது வேறு. அந்த ஒரு நாள் காசு எப்படிச் செலவாகிறது, அதில் யாருக்கு என்ன சத்துக் கிடைக்கிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

"எனக்குப் பசிக்கல்ல"

கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு தோட்டத்தில் கிளினிக் நாளன்று ஒரு தாயைச் சந்தித்தோம். முப்பது வயதுகூட இருக்காது. கொழுந்து எடுக்கிறவர். மலை ஏறும்போது மூச்சு வாங்குது, தலை சுத்துது, பின்னேரம் ஆனால் நிற்க முடியல்ல என்று சொன்னார். இரத்தம் சோதித்துப் பார்த்ததில் அளவு எட்டுக்கும் கீழே இருந்தது. கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு அது பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிக்குப் பதினொன்றுக்குக் குறையக் கூடாது.

வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி நேர்ஸ் அம்மா விசாரித்தார். பேச்சு அப்படியே சம்பள நாளுக்குப் போனது. "டவுனுக்குப் போனா அவருக்கும் புள்ளைங்களுக்கும் கொத்து வாங்குவோம், எனக்குப் பசிக்காது, ஒரு பணிசும் பிளேன்டீயும் போதும்" என்றார் அந்தத் தாய். பக்கத்தில் நின்ற மூத்த பிள்ளைக்கு எட்டு வயது இருக்கும். "அம்மா எப்பவும் அப்புடித்தான் சொல்லும், வீட்டுலயும் கடைசியாத்தான் சாப்புடும்" என்று அது சொன்னபோது, அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. நம்ம தோட்டங்களில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது. காசு போதாது என்றால் தாய்தான் முதலில் கையை எடுத்துக்கொள்கிறாள். காலையில் எல்லாரையும் விட முதலில் எழும்புகிறவளும் அவள்தான், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறவளும் அவள்தான். அவளுக்குத்தான் இரத்தம் கூடுதலாகத் தேவை.

ஆகவே இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்லும் முதல் விசயம் இதுதான்: கடைக்குப் போனால் நாலு பேருக்கும் சாப்பாடு என்று கணக்குப் போடுங்கள். தாய்க்குப் பணிஸ், மற்றவர்களுக்குக் கொத்து என்ற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இதை வீட்டுத் தலைவர்கள்தான் தொடக்கி வைக்க வேண்டும். "நீ சாப்புட்டாத்தான் நான் சாப்புடுவேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

காசு எங்கே இருக்கிறது?

"எல்லாருக்கும் வாங்கக் காசுக்கு எங்க போறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் காசு நம்ம மேசையிலேயே இருக்கிறது. சோடாப் போத்தலைப் பாருங்கள்.

நாலு பேர் குடும்பம் ஆளுக்கொரு போத்தல் சோடா எடுத்தால் அந்தக் காசைக் கூட்டிப் பாருங்கள். அதே காசில் நாலு பேருக்கும் ஆளுக்கொரு அவிச்ச முட்டை எடுக்கலாம், மிச்சமும் வரும். சோடாவில் சீனியும் தண்ணீரும் நிறமும் காற்றும்தான் இருக்கிறது. முட்டையில் பிள்ளையின் உடம்பு வளரத் தேவையான புரதம் இருக்கிறது.

சோடாவில் எவ்வளவு சீனி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இப்போது ஒரு வழி உண்டு. 2016 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் விற்கும் மென்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு நிற அடையாளம் போட வேண்டும் என்று சுகாதார அமைச்சு சட்டம் கொண்டுவந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை என்றால் மஞ்சள். 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். 2019 ஆம் ஆண்டில் பெக்கட்டில் அடைத்து விற்கும் சாப்பாட்டுச் சாமான்களுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு என்று இதே மாதிரி நிறம் போடும் சட்டம் வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிவப்பு அடையாளம் உள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஆகக் குறைந்தது 44 கிராம் சீனி இருக்கும். ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்று வைத்தால், கிட்டத்தட்ட ஒன்பது தேக்கரண்டி. தேத்தண்ணிக்கு ஒன்பது கரண்டி சீனி போட்டுப் பிள்ளைக்குக் கொடுப்போமா? கொடுக்க மாட்டோம். வளர்ந்த ஆளுக்கே ஒரு நாளைக்குச் சேர்க்கிற சீனி 50 கிராமைத் தாண்டக் கூடாது, அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே போத்தலில் அது கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது.

பிள்ளை அடம் பிடித்தால் ஒரு போத்தலை வாங்கி எல்லாரும் பங்குபோட்டுக் குடியுங்கள். ஒரேயடியாக வேண்டாம் என்றால் பிள்ளைக்கு ஆசை கூடத்தான் செய்யும்.

எதை எடுப்பது?

சாப்பாட்டுக் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கிறவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சோறும் கறியும்: பகல் சாப்பாட்டுக்கு இதற்கு மிஞ்சியது இல்லை. சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு கீரைச் சுண்டல், மீனோ முட்டையோ ஒன்று. கொத்தை விட இதில் சத்தும் கூட, எண்ணெயும் குறைவு. நம்ம பழக்கம் சோற்றை மலை மாதிரி போட்டுக் கறியை ஓரத்தில் வைப்பது. அதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பீங்கானில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி பருப்பு, மீன், முட்டை என்று இருந்தால் நல்லது. இரண்டாம் தடவை சோறு கேட்பதற்குப் பதிலாக மரக்கறியும் பருப்பும் கேளுங்கள். பார்சலாக எடுத்தால் ஒரு பார்சலில் இருக்கிற சோறு சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தாராளம்.

கொத்து ரொட்டி: இது நம்ம பிள்ளைகளுக்கு உயிர். தட்டில் கொத்துகிற சத்தம் கேட்டாலே கால் தானாக அங்கே போகும். ஆனால் பராட்டா என்பது கோதுமை மாவும் எண்ணெயும்தான். அதைக் கொத்தும்போது இன்னும் எண்ணெய், மாஜரின், உப்பு, கறிக்குழம்பு எல்லாம் சேர்கிறது. ஆகவே ஆளுக்கொரு கொத்து வேண்டாம். ஒரு முட்டைக் கொத்தை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். "முதலாளி, எண்ணெயைக் கொறைச்சு, லீக்ஸ், கரட், கோவா கூடப் போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். லீக்ஸும் கரட்டும் நம்ம மலைநாட்டில் விளைகிற சாமான்தானே!

இடியப்பம், பிட்டு, இட்டலி: இவை ஆவியில் அவிந்தவை. எண்ணெய் இல்லை. காலையில் டவுனுக்குப் போகிறவர்களுக்கும் வயசானவர்களுக்கும் மிக நல்லது. பருப்பு, சாம்பாறு, சொதியோடு சாப்பிடலாம்.

றோல்ஸ், பற்றீஸ், வடை: எண்ணெயில் பொரித்தவை. பல கடைகளில் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவார்கள். எண்ணெய் கறுத்து, புகை மணத்தோடு இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். எப்போதாவது ஒன்று சாப்பிட்டால் பாதகமில்லை. ஆனால் அதையே பகல் சாப்பாடாக ஆக்காதீர்கள்.

அவிச்ச கடலை, அவிச்ச சோளம், வாழைப்பழம்: பஸ் நிலையத்தில் தேங்காய்ச் சொட்டுப் போட்டு விற்கிற கடலையை நாம் லேசாக நினைக்கிறோம். அதில் புரதமும் நார்ச்சத்தும் இருக்கிறது. இரண்டு றோல்ஸ் தின்பதை விட ஒரு சுருள் கடலையும் ஒரு வாழைப்பழமும் வயிற்றுக்கு நல்லது.

நம்ம தேயிலையும் நம்ம இரத்தமும்

இந்த விசயத்தைச் சொல்ல நமக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. நாம் தேயிலையால் பிழைக்கிறோம். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். தேத்தண்ணியில் உள்ள துவர்ப்பு, நாம் சாப்பிடுகிற மரக்கறி, கீரை, பருப்பில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். சோறு சாப்பிட்ட கையோடு "ஒரு பிளேன்டீ" என்று கேட்பது நம்ம வழக்கம். கீரைக்கும் பருப்புக்கும் கொடுத்த காசில் பாதி அங்கேயே வீணாகிறது.

தேத்தண்ணியை விட வேண்டியதில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள், இரண்டு மணித்தியாலம் என்றால் இன்னும் நல்லது. சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். தேசிக்காய், கொய்யா, தக்காளி, தோடம்பழம் போன்றவற்றில் இருக்கிற விற்றமின் சி இரும்புச் சத்து உடம்பில் சேர உதவும். கிளினிக்கில் கொடுக்கிற இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. தண்ணீரோடு விழுங்குங்கள்.

இரத்தம் குறைந்த தாய்மார் கடையில் மீன் துண்டு, இறைச்சி, ஈரல் ஏதாவது கிடைத்தால் அதை எடுக்கலாம். கீரையில் இருக்கிறதை விட இவற்றில் இருக்கிற இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன தாயும் மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, சாப்பாட்டையும் மாற்றி, சில மாதத்தில் மலை ஏறும்போது மூச்சு வாங்காமல் ஏறினார். இப்போது அந்த வீட்டில் அம்மாவின் பீங்கானுக்கு முதலில் கறி போடுகிறது அந்த எட்டு வயதுப் பிள்ளைதான்.

கிளினிக் நாள்

டவுனில் நாம் சாப்பிடுகிற இன்னொரு நாள் கிளினிக் நாள். சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு விடியற்காலையில் புறப்படுகிறார்கள். பஸ் பிடித்து, வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து வெளியே வரப் பத்து மணி ஆகும். பசி கண்ணை மறைக்கும். ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருக்கிற கடையில் மூன்று றோல்ஸும், டின்பால் போட்ட தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போனவர் சீனியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

இதற்கு நாங்கள் சொல்லும் வழி இது. முடிந்தால் வீட்டிலிருந்தே குரக்கன் ரொட்டியோ, ஆட்டாமா ரொட்டியோ ஒன்றிரண்டு சுற்றி எடுத்துப் போங்கள். கடையில்தான் சாப்பிட வேண்டும் என்றால் இடியப்பம் நாலைந்து, பருப்பு, ஒரு முட்டை போதும். தேத்தண்ணியில் "சீனி வேண்டாம்" என்று ஊற்றுவதற்கு முன்னமே சொல்லுங்கள்.

சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள், வெறும் வயிற்றோடு போகிற நாளில் மருந்தை எப்போது எடுப்பது என்று முந்தின கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி ஒரேயடியாக இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். அந்த நேரத்தில் மட்டும் சீனித் தண்ணியோ டொபியோ உடனே கொடுக்க வேண்டும். ஆகவே பையில் இரண்டு டொபி இருக்கட்டும்.

பிரஷர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி போதும். கருவாடு, அச்சாறு, பப்படம், சோஸ், கொத்துக்கு ஊற்றுகிற குழம்பு எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. மேசையில் இருக்கிற உப்புக் குப்பியைத் தொடாமல் இருந்தாலே பாதி வெற்றி.

கடையைப் பார்த்து நுழையுங்கள்

சத்து இருந்தும் சுத்தம் இல்லாவிட்டால் பலன் இல்லை. சாப்பாடு மூடி இருக்கிறதா, ஈ மொய்க்கிறதா, கை கழுவச் சவர்க்காரம் இருக்கிறதா, காசு வாங்குகிற கையாலேயே சோறு போடுகிறார்களா என்று பாருங்கள். ஆவி பறக்கச் சூடாக இருக்கிற சாப்பாட்டை எடுங்கள். தேங்காய்ச் சம்பல் புளித்த மணம் வந்தால் ஒதுக்கிவிடுங்கள். பழைய பேப்பரில் சுற்றின வடையைத் தவிருங்கள், அச்சு மை எண்ணெயில் ஒட்டும். தண்ணீர் கொதித்தாறியதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டு போகலாம். மலசலகூடம் தேடித் திரிய வேண்டும் என்று நம்ம பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நல்லதில்லை.

முக்கியமான ஒன்று: பகலில் வாங்கின சோத்துப் பார்சலைப் பையில் போட்டு, பஸ்ஸில் வந்து, மலை ஏறி, இரவு பிள்ளைகளுக்குக் கொடுப்பது நம்மிடம் உள்ள பழக்கம். சமைத்த சாப்பாட்டை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைத்தால் கிருமி பெருகும். பிள்ளைக்கு ஆசையாக வாங்கினது பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கக் கூடாது. வீட்டில் இருக்கிற பிள்ளைக்குப் பழமோ, பெக்கட் பிஸ்கட்டோ வாங்கிப் போங்கள். வயிற்றோட்டம் வந்தால் உடனே ஜீவனி கரைத்துக் கொடுத்து, குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி, கெட்ட சாப்பாட்டையும் சுத்தமில்லாத இடத்தில் தயாரித்த சாப்பாட்டையும் விற்பது குற்றம். அப்படி ஏதும் கண்டால் உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். எங்களிடம் சொன்னாலும் நாங்கள் கொண்டுபோய்ச் சொல்வோம்.

கேட்கக் கூச்சப்பட வேண்டாம்

நம்ம ஆட்கள் டவுன் கடைக்குள் போனால் ஓரத்து மேசையில் உட்கார்ந்து, கொண்டுவந்து வைத்ததைச் சாப்பிட்டு, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். விலை கேட்கவும் கூச்சம், எண்ணெயைக் குறைக்கச் சொல்லவும் கூச்சம். "தோட்டத்து ஆள்தானே" என்று நினைப்பார்களோ என்ற பயம். எங்களுக்கும் சின்ன வயதில் அந்தப் பயம் இருந்தது. ஆனால் நாம் கொடுப்பது உழைத்த காசு. உட்காருவதற்கு முன் விலைப்பலகையைப் பாருங்கள், இல்லாவிட்டால் விலையைக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த முதலாளியும் மரியாதையாகத்தான் பதில் சொல்வார். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பழகும்.

கடைசியாக, சாப்பிட்டு முடித்ததும் கடை வாசலில் வெற்றிலைக் கூறு வாங்கி வாயில் போடுவதையும் யோசியுங்கள். புகையிலை இல்லாவிட்டாலும் வெற்றிலையும் பாக்கும் சேர்ந்தாலே வாய்ப் புற்றுநோய் வரும் என்று ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. சம்பள நாளில் தவறணைப் பக்கம் திரும்புகிற கால்களைப் பற்றி இன்னொரு தடவை எழுதுவோம். இப்போதைக்கு ஒன்று மட்டும்: அங்கே போகிற காசு, முதலில் தாயின் பீங்கானிலிருந்துதான் குறைகிறது.

நினைவில் வைக்க:

1. கடைக்குப் போனால் தாய்க்கும் சேர்த்து எல்லாருக்கும் சாப்பாடு.
2. கொத்தை விடச் சோறும் கறியும் மேல். கொத்து என்றால் இரண்டு பேருக்கு ஒன்று.
3. சோடாக் காசில் முட்டை. போத்தலில் நிறத்தைப் பாருங்கள்.
4. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி வேண்டாம், ஒரு மணித்தியாலமாவது போகட்டும்.
5. சூடான சாப்பாடு, மூடி வைத்த சாப்பாடு, கழுவின கை.
6. பகல் பார்சலை இரவுக்கு வைக்க வேண்டாம்.
7. விலையைக் கேளுங்கள், வேண்டியதைக் கேளுங்கள்.

வருகிற சம்பள நாளில் டவுனுக்குப் போகும்போது இதில் ஒன்றையாவது செய்து பாருங்கள். எப்படி இருந்தது என்று பிள்ளைக்காம்பராவிலோ பெரட்டுக் களத்திலோ எங்களைக் காணும்போது சொல்லுங்கள்.